பின்கட்டிலிருந்து 'ஹோம்' வரை: மதராஸில் மனநோயாளிகளை வைத்த இடங்கள் குறித்துச் சில குறிப்புகள்

'ஹோம்' என்ற ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வந்தபோது அதன் பொருள் தலைகீழாகப் புரண்டுவிட்டது. "அவங்க தம்பியை ஹோம்ல விட்டுட்டாங்களாம்" என்று மந்தைவெளி மார்க்கெட்டில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னால், வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்கிறார். வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் 'சேர்க்கிறோம்', ஜெயிலில் 'போடுகிறோம்', ஹோமில் மட்டும் 'விடுகிறோம்'. சேர்த்தவரை டிஸ்சார்ஜ் செய்ய ஒரு நாள் வரும். போட்டவருக்குத் தண்டனை முடியும் தேதி உண்டு. விடப்பட்டவருக்குத் தேதி கிடையாது.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இந்தச் சொல் புழங்குவதற்கு முன்னால் வேறொரு சொல் இருந்தது: கீழ்ப்பாக்கம். அது ஓர் ஊர்ப்பகுதியின் பெயர், அங்கே பள்ளிக்கூடம் உண்டு, கல்யாண மண்டபம் உண்டு, வக்கீல்கள் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தென்சென்னைக்காரருக்குப் பொருட்டல்ல. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றால் பைத்தியம். தமிழ் சினிமாவின் நகைச்சுவை இதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 'கீழ்ப்பாக்கம்' போய் 'ஹோம்' வந்திருக்கிறது. இந்தச் சொல் மாற்றத்துக்குப் பின்னால் ஓர் இடமாற்றம் இருக்கிறது. அரசாங்கத்தின் மதில் சுவருக்குள்ளிருந்து மாதக் கட்டணத்துக்கு இடம் தரும் தனியார் கட்டடத்துக்கு நகர்ந்த கதை அது. அந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், நகர்வு என்று சொல்வதைவிடத் திரும்புதல் என்று சொல்வதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜன் வாலன்டைன் கானலி மதராஸில் ஒரு பைத்திய விடுதியைத் திறந்தார். பதினாறு பேருக்கு இடம். அது கம்பெனியின் சொத்தல்ல, கானலியின் சொந்த முயற்சி. கம்பெனி அவருக்கு வாடகை கொடுத்தது, உள்ளே இருந்தவர்களின் பராமரிப்புக்குப் பணம் கொடுத்தது. பிறகு அது கை மாறியது. ஜேம்ஸ் டால்டன் என்ற மருத்துவர் வசம் வந்தபோது 'டால்டனின் பைத்திய ஆஸ்பத்திரி' என்றே பெயர் பெற்றது. ஆக, இந்த நகரத்தில் மனநோயாளிகளுக்கென்று கட்டப்பட்ட முதல் இடமே ஒரு நர்சிங் ஹோம்தான்: ஒரு டாக்டரின் சொந்தக் கட்டடம், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு, பணம் கட்டுவதோடு தன் கடமை முடிந்தது என்று நினைக்கும் ஒரு மூன்றாம் தரப்பு. அன்று அந்த மூன்றாம் தரப்பு கம்பெனி. இன்று குடும்பம்.

அரசு தானே நேரடியாக இறங்கியது பிற்பாடுதான். 1858இல் பைத்திய விடுதிகளுக்கான சட்டம் வருகிறது. தெருவில் அலைகிறவரைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், மாஜிஸ்திரேட் உள்ளே அனுப்பலாம். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்தில் புதிய அசைலம் திறந்தபோது உள்ளே 145 பேர் இருந்தார்கள்.

இந்த 145 என்ற எண்ணில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ஃபூக்கோவை நம் சிறுபத்திரிகைகள் அறிமுகம் செய்த நாளிலிருந்து, பகுத்தறிவு தன் மற்றமையாகிய பித்தைச் சுவருக்குள் தள்ளியது என்ற வாசிப்பு நமக்கு மனப்பாடமாகிவிட்டது. 1656இல் பாரிஸில் பொது மருத்துவமனை நிறுவப்பட்டதையும், ஏழைகளும் பிச்சைக்காரர்களும் பித்தர்களும் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டதையும் அவர் 'பெரும் அடைப்பு' என்று எழுதினார். அந்தச் சட்டையை எடுத்து அப்படியே கீழ்ப்பாக்கத்துக்கு மாட்டிவிடுவது நமக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னை மாகாணத்தில் இருந்தவர்கள் மூன்று கோடிக்கும் மேல். வால்டேரிலும் கோழிக்கோட்டிலும் ஏறத்தாழ அதே சமயத்தில் தொடங்கிய விடுதிகளைச் சேர்த்தாலும் அடைக்கப்பட்டவர்கள் சில நூறு பேர்தான். மூன்று கோடிப் பேரில் சில நூறு. இதைப் பெரும் அடைப்பு என்று சொல்ல முடியுமா? காலனிய அரசுக்குப் பித்தரை அடைக்கும் ஆசை இருந்திருக்கலாம், காசு செலவழிக்கும் எண்ணம் இருக்கவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய், தெருவில் தொந்தரவு செய்கிறவர், குற்ற வழக்கில் சிக்கியவர் ஆகியோர் போக மற்ற எல்லோரையும் அது கண்டுகொள்ளாமல் விட்டது. அப்படியானால் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள்?

வீட்டில் இருந்தார்கள். வீட்டில் எங்கே என்பதுதான் கேள்வி.

கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியிருந்த பழைய வீடுகளின் அமைப்பு வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டு, அதைத் தாண்டிப் பின்கட்டு, கடைசியில் கொல்லையும் கிணறும். இந்த வரிசை வெறும் கட்டட அமைப்பு மட்டுமல்ல, யார் எதுவரை வரலாம், யார் எதற்குமேல் வரக்கூடாது என்ற சட்டமும்கூட. திண்ணையோடு நின்றவர்கள் இருந்தார்கள், திண்ணைக்கே வர முடியாதவர்கள் இருந்தார்கள். உள்ளேயிருந்து வெளியே வரக்கூடாதவர்களும் இருந்தார்கள். என் பாட்டியின் நாத்தனார் ஒருவர் அப்படிப் பின்கட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். ஆனால் வீட்டில் அந்த அறைக்கு அவர் பெயர்தான். "அத்தை ரூம்ல அரிசி மூட்டையைப் போடு" என்பார்கள். அத்தைக்கு என்ன வியாதி என்று கேட்டால் யாரும் நேராகச் சொன்னதில்லை. "அவளுக்குக் கொஞ்சம் சரியில்லை" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, இரவில் பக்கத்தில் படுத்தவர் இன்னொரு பெண். பதினாறு வயதில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். பின்கட்டில் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள்: பைத்தியமும் விதவையும். கூட்டுக்குடும்பம் தன் நோயாளிகளை அன்போடு பராமரித்தது என்று இன்றைக்கு ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள், அந்த அன்பின் உடலுழைப்பு யாருடையது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. சம்பளமில்லாத, போக்கிடமில்லாத ஒரு பெண் இருந்ததால்தான் பின்கட்டு ஓடியது. அதுவும் பின்கட்டு உள்ள வீடுகளில். அடையாற்றங்கரைக் குடிசையில் பின்கட்டு ஏது? அங்கே கூலிக்குப் போகிற தாய் வீட்டில் ஆளில்லாத நேரத்துக்குப் பிள்ளையின் காலில் கயிறு கட்டிவிட்டுப் போனாள். இல்லாவிட்டால் தெரு, கோயில், தர்கா. மேல்சாதி வீட்டின் கதவும் குடிசையின் கயிறும் செய்த வேலை ஒன்றுதான். ஆனால் 'கொடுமை' என்று பத்திரிகையில் படமாக வந்தது கயிறு மட்டும்தான்.

இந்தப் பின்கட்டு எப்படிக் காணாமல் போனது என்பதைத் தென்சென்னையின் வரைபடத்திலேயே படிக்கலாம். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் மனைகளாகிறது. சுற்றிலும் தோட்டம் விட்ட தனி வீடு வருகிறது, பின்கட்டு ஒரு பின்னறையாகச் சுருங்குகிறது. பிறகு அடையாற்றில் காந்தி நகர், இந்திரா நகர். எண்பதுகளிலிருந்து தனி வீடுகள் இடிந்து ஃப்ளாட்டுகள் எழுகின்றன. இரண்டு பெட்ரூம், ஒரு ஹால், மேலும் கீழும் பக்கத்திலும் மனிதர்கள். இரவில் ஒருவர் கத்தினால் நான்கு குடும்பத்துக்குக் கேட்கும். அசோசியேஷன் செக்ரட்டரி கதவைத் தட்டுவார். பிள்ளைகள் அமெரிக்காவில். விதவை அத்தைகள் இப்போது படித்து வேலைக்குப் போகிறார்கள், அது நல்லது. பின்கட்டின் இரண்டு பேரில் ஒருவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. மற்றவர் எங்கே போவது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இதே காலத்தில் கீழ்ப்பாக்கத்தில் எதிர்த்திசையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஐம்பதுகளில் குளோர்ப்ரோமசின் வந்தது. 1961இல் டாக்டர் சாரதா மேனன் அந்த மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார், 1978வரை இருந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுகிறவர், 2021இல் காலமானார். வெளிநோயாளிப் பிரிவை வளர்த்ததும், உள்ளே வருவதே முடிவு என்றிருந்த நிலையை மாற்ற முயன்றதும் அவர் காலத்து வேலைகள். வேலூர் சி.எம்.சி. இதை வேறொரு கோணத்திலிருந்து அணுகியது. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவரும் தங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பித்தரைக் குடும்பத்திலிருந்து பிரிப்பது என்ற அசைலத்தின் அடிப்படையையே அது மறுத்தது. ஆக, மருந்து வந்து ஆஸ்பத்திரியின் கதவு திறக்கத் தொடங்கிய சமயத்தில் வீடு சுருங்கிக்கொண்டிருந்தது. குணமானவர் வாசலில் வந்து நின்றபோது உள்ளே அவருக்கு அறை இல்லை.

சாரதா மேனன் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியதை இந்த இடைவெளியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் ஆர். தாராவும் அவரது சகாக்களும் மனச்சிதைவு நோயால் திருமணம் முறிந்த பெண்களைப் பற்றி ஓர் ஆய்வை 2003இல் வெளியிட்டார்கள். அதில் வரும் பெண்களைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய வயதான பெற்றோர். அந்தப் பெற்றோரின் கவலை நோயைப் பற்றியதைவிடக் காலத்தைப் பற்றியதாக இருந்தது: எங்களுக்கு அப்புறம் யார்? தென்சென்னையில் ஒரு வீட்டிலாவது இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 'ஹோம்' என்ற தொழில் இந்தக் கேள்வியை முதலாக வைத்து நடக்கிற தொழில்.

சட்டம் என்ன செய்தது? 1912ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டத்தை அகற்றி 1987இல் மனநலச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வரவே 1993 ஆகிவிட்டது. மனநல ஆஸ்பத்திரிக்கும் 'மனநல நர்சிங் ஹோமு'க்கும் லைசென்ஸ் வேண்டும் என்றது அது. கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்குப் பிறகு கானலியின் விடுதிக்கு ஒரு சட்டப் பெயர் கிடைத்தது. அதே 1987இல் அமெரிக்காவிலும் நர்சிங் ஹோம்களைப் பற்றி ஒரு சட்டம் வந்தது என்பது வேடிக்கையான பொருத்தம். அங்கே அறுபதுகளிலிருந்து பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளைக் காலி செய்தபோது, வெளியே அனுப்பப்பட்டவர்களில் ஏராளமானோர், குறிப்பாக வயதானவர்கள், முதியோருக்கான நர்சிங் ஹோம்களில் போய்ச் சேர்ந்தார்கள். மாநில அரசின் செலவு மத்திய அரசின் கணக்குக்கு மாறியது, அவ்வளவுதான். சமூகத்துக்குத் திரும்பினார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் இன்னொரு கட்டடத்துக்குத்தான் போனார்கள். சேர்ப்பதற்கு முன் மனநோய் உண்டா, இந்த இடம் அவருக்குப் பொருத்தமா என்று சோதிக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது அதனால்தான். இங்கே நிலைமை நேர் எதிர். மந்தைவெளி நண்பர் ஒருவருக்காக நான் விசாரித்த முதியோர் இல்லங்களில் ஒன்றில் இப்படிச் சொன்னார்கள்: "படுத்த படுக்கையா இருந்தாக்கூடப் பரவால்ல சார். மெண்டல் ப்ராப்ளம்னா எடுக்கறதில்ல." அங்கே திணித்தார்கள், இங்கே கதவைச் சாத்துகிறார்கள். இரண்டிலும் அவரவர் வசிக்குமிடத்தைத் தீர்மானிப்பவர் அவரவர் இல்லை.

லைசென்ஸ் என்பதில் ஓர் ஓட்டை இருந்தது. 'நாங்கள் வைத்தியம் பார்ப்பதில்லை, தங்க இடமும் சாப்பாடும் தருகிறோம்' என்று சொல்லிவிட்டால் சட்டம் எட்டிப் பார்க்காது. அந்த ஓட்டைக்குள்தான் ஏர்வாடி இருந்தது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் விடுதியின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பதிவு பெற்றதும் பெறாததுமான எல்லா இடங்களையும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கச் சொன்னது. அந்த வகை விடுதிகள் மூடப்பட்டு, இருந்த நூற்றுக்கணக்கானவர்களை அரசு பொறுப்பெடுத்தது.

அன்றைக்கு வந்த தலையங்கங்களில் பெரும்பாலானவை மூடநம்பிக்கையைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. பகுத்தறிவு மரபில் வந்த நம் நண்பர்களும் அதையே எழுதினார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தர்கா ஒன்று, தர்காவைச் சுற்றி மாதப் பணத்துக்கு நடந்த விடுதிகள் வேறொன்று. நம்பிக்கையோடு வந்து தர்காவில் கிடந்தவர் தீயில் சாகவில்லை. பணம் கட்டி 'விடப்பட்டவர்'தான் செத்தார். சங்கிலியைப் பூட்டியது பேயை நம்பும் மனம் அல்ல. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை இரவில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். சங்கிலிக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதும். இந்தக் கணக்கைப் போடுவதற்கு மூடநம்பிக்கை தேவையில்லை.

இதே கணக்கு நகரத்திலும் உண்டு, சங்கிலி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. நண்பரோடு தென்புறநகரில் ஒரு ஹோமுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். டைல்ஸ் தரை, பினாயில் வாசனை, சாமி படம், சுவரில் சாப்பாட்டு அட்டவணை. மாலை நாலு மணிக்கு இருபத்தைந்து பேர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. பெண்கள் எல்லோருக்கும் ஒரேமாதிரி கிராப் வெட்டியிருந்தது. பேன் வராமல் இருக்க என்றார்கள். பார்த்துக்கொள்ள இரண்டு ஆயாக்கள், பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆயா சொன்னார்: "ராத்திரி மாத்திரை குடுத்துட்டா காலைல வரைக்கும் சத்தம் வராதுங்க. இல்லாட்டி நான் ஒருத்தி எப்பிடிங்க பாக்கறது?" அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்கட்டு விதவையின் இடத்தில் இன்று அவர் இருக்கிறார், மாதம் ஒரு சொற்பத் தொகை கூலி என்பதுதான் வித்தியாசம். கோஃப்மன் 1961இல் 'முழுமை நிறுவனம்' என்று எழுதியதற்கு இங்கே ஓர் அடிக்குறிப்பு சேர்க்க வேண்டும். நம் நிறுவனங்களில் அதிகாரம் செலுத்துபவராகத் தெரிகிறவரும் அந்தச் சுவருக்குள்தான் படுத்துத் தூங்குகிறார்.

2017இல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பழைய ஓட்டையை அது அடைத்தது என்றே சொல்ல வேண்டும். மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் எதுவானாலும், குடும்பத்தின் வீடு தவிர, பதிவு செய்ய வேண்டும். 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஆனாலும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமம் செய்தியில் அடிபட்டது எதனால்? சேர்த்துவிட்ட உறவினரைப் பார்க்க வந்தால் ஆள் இல்லை என்று உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அந்த இடம் அனுமதியில்லாமல் நடந்தது வெளியே தெரிந்தது. அடித்தார்கள், பாலியல் வன்முறை நடந்தது, வேறு மாநிலத்து விடுதிக்கு மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டுகளெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. யாராவது ஒருவர் திரும்பி வந்து பார்த்தால்தான் சட்டம் விழித்துக்கொள்கிறது. பார்க்க வராதவர்களின் கணக்கு?

புதிய சட்டத்தின் 19ஆம் பிரிவு இந்தக் கட்டுரையின் மையத்துக்கு நெருக்கமானது. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, சமூகத்தில் வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. சமூகத்தில் வாழும் உரிமை என்று அதற்குப் பெயர். ஆனால் 2019இல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வின்படி, நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வருஷத்தையோ அதற்கு மேலோ அங்கேயே கழித்தவர்கள். அவர்களை அங்கே நிறுத்தி வைப்பது பெரும்பாலும் நோயல்ல, முகவரி இல்லாமைதான்.

முகவரி தருவது எப்படி என்பதற்கு ஒரு முன்மாதிரி இந்த ஊரிலேயே இருக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தெருவில் அலையும் மனநோயுற்ற பெண்களுக்காகத் தி பேன்யன் அமைப்பைத் தொடங்கியபோது இருவருக்கும் இருபதுகளின் வயது. குணமான பெண்களை ஊர் தேடி, குடும்பம் தேடிக் கொண்டுபோய் விட்டார்கள். போக இடமில்லாமல் வருஷக்கணக்கில் தங்கிவிட்டவர்களுக்காக 2015இல் 'ஹோம் அகைன்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சாதாரண வாடகை வீட்டில், சாதாரணத் தெருவில் குடியிருப்பது. சமைப்பது, சண்டை போடுவது, கடைக்குப் போவது. உதவிக்கு ஓர் ஆள் உண்டு, மதில் சுவர் கிடையாது. இந்த ஏற்பாட்டின் மீது கேள்விகள் இல்லாமல் இல்லை. தொண்டு நிறுவனத்தின் நன்கொடையை நம்பி ஓர் உரிமை எத்தனை நாள் நிற்கும் என்பது அதில் முதலாவது. ஆனால் 'ஹோம்' என்ற சொல்லுக்கு அதன் அசல் பொருளைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்த வகையில் அது முக்கியம்.

சென்ற வருஷம் ஒரு சோதனையாக, மயிலாப்பூரிலும் தி. நகரிலும் நாலு வீட்டு புரோக்கர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் மூன்று பேர், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள், இப்போது நன்றாக இருக்கிறார்கள், அட்வான்ஸும் வாடகையும் ஒழுங்காக வரும், ஒரு டிரஸ்ட் பொறுப்பு. மூன்று பேர் போனிலேயே முடியாது என்றார்கள். நாலாமவர் பாண்டிபஜார் பக்கம் பல வருஷமாகத் தொழில் செய்கிறவர், கொஞ்சம் நிதானமானவர். வெஜிடேரியனா என்று கேட்டார், என்ன ஆளுங்க என்று கேட்டார், சொந்தக்காரங்க யாராவது வந்து போவாங்களா என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீடு இருக்கு சார். ஓனர்கிட்ட மாத்திரை விஷயத்தைச் சொல்ல வேணாம். ஃபேமிலின்னு சொல்லிடலாம்."